கவர்னர் ஸ்பிரிங்கும் முன்கூட்டி எழுதிய ஒரு வரியும்

‘மாசி 11, வியாழன். பின்சக்கரம் இரண்டுக்கும் புது பிரேக் லைனிங் போட்டது. காலை 10.30.’

என் லாரிக் குறிப்பேட்டில் இருக்கும் வரி இது. நீல மையில், அடித்தல் திருத்தல் இல்லாமல், மற்ற வரிகளைப் போலவே நேராக எழுதியிருக்கிறேன். ஆனால் அந்த வியாழக்கிழமை காலை பத்தரை மணிக்கு எங்கள் லாரி வல்லத்துக்குப் பக்கத்தில் ஒரு களத்தில் மல்லாட்டை (நிலக்கடலை) மூட்டை ஏற்றிக்கொண்டு நின்றது. லைனிங் போடவில்லை. அதற்குப் பிறகும், அந்த வண்டி எங்களிடம் இருந்த வரைக்கும், போடவில்லை. ஆண்டை வேண்டுமென்றே இங்கே எழுதாமல் விடுகிறேன். இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டாலும், இதில் சம்பந்தப்பட்டவர்களில் என்னைச் சேர்த்து மூன்று பேர் இன்னும் செஞ்சியில்தான் நடமாடுகிறோம்.

நான் பத்திர எழுத்தர். தேதியை வைத்துத்தான் என் பிழைப்பு. போன வருடத்துத் தேதியைப் போட்டுப் பாகப்பிரிவினை எழுதிக் கொடுக்கச் சொன்னவர்களை எழுந்து போகச் சொல்லியிருக்கிறேன். அவர்களில் ஒருவர் எனக்குத் தாய்மாமன் முறை. அன்றோடு பேச்சு நின்றது. ஞாயிற்றுக்கிழமைகளில் தளவானூருக்கும் சீயமங்கலத்துக்கும் பஸ் ஏறிப் போய், புத்தகங்களில் அச்சாகியிருக்கும் ஆட்சியாண்டும் கல்வெட்டில் இருப்பதும் ஒத்துப்போகின்றனவா என்று பார்த்துக் குறித்துக்கொண்டு வருவேன். அதில் எனக்கு வருமானம் கிடையாது, பெயரும் கிடையாது. தவறான தேதி ஒன்று எங்காவது இருப்பது தெரிந்தால் சாப்பாடு இறங்காது, அவ்வளவுதான். அப்படிப்பட்டவன் எழுதிய ஒரே பொய்த் தேதி மேலே இருப்பது. அதை நம்பிய மனிதரைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன். சுற்றிச் சுற்றி என்னைப் பற்றியே எழுதிக்கொண்டிருக்கிறேன்.

அவரைப் ‘பம்பு பாய்’ என்பார்கள். திருவண்ணாமலை சாலையில், டீசல் லாரிகளின் பம்பைக் கழற்றிச் சரிசெய்யும் கடை வைத்திருந்தார். வீட்டுப் பம்புசெட் பழுதாகி அவரைத் தேடி வருகிறவர்களும் உண்டு. திட்டாமல் வேறு கடைக்கு வழி சொல்லி அனுப்புவார். எஞ்சினுக்கு எவ்வளவு டீசல் போக வேண்டும், எப்போது போக வேண்டும் என்று அளந்து அனுப்புகிற பம்பு அது. உள்ளே ஒரு மணல் பொடி போனாலும் கெட்டுவிடும். அதனால் அவர் கடை மற்ற பட்டறைகளைப் போல இருக்காது. செருப்பை வாசலில் விட வேண்டும். பழைய வெள்ளை வேட்டியைக் கிழித்து, துவைத்து, மேசைமேல் விரித்த பிறகுதான் பம்பைத் திறப்பார். அவர் போட்டிருந்ததும் வெள்ளைச் சட்டைதான். டீசல் வேலை செய்கிறவர் வெள்ளைச் சட்டை போடுவதை ஊரில் கிண்டல் செய்வார்கள். “அழுக்கு பட்டா தெரியணும் இல்ல? கருப்பு போட்டா எங்க பட்டுச்சின்னு எப்படிக் கண்டுபுடிக்கறது?” என்பார்.

அவர் எதையும் நோட்டில் எழுதியதில்லை. எழுதத் தெரியாமல் அல்ல. நாளிதழை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படிப்பவர். பம்பைச் சோதனை இயந்திரத்தில் ஏற்றி ஓட்டும்போது, வரிசையாக நிற்கும் கண்ணாடிக் குழாய்களில் டீசல் எவ்வளவு நிறைகிறது என்று பார்த்து, கடையின் இரும்புக் கதவில் சாக்பீஸால் குறிப்பார். வண்டிக்காரர் பம்பை எடுத்துக்கொண்டு போனதும் ஈரத் துணியால் துடைத்துவிடுவார். எனக்கு அதைப் பார்க்கவே மனம் பதறும். “ஏன் பாய், அழிச்சிடறீங்களே?” என்று ஒருமுறை கேட்டேன். “வண்டி போயிடுச்சி ரைட்டரே. இனி அது அவங்க கதை” என்றார். என் தொழிலைச் சொல்லி ‘ரைட்டரே’ என்றுதான் என்னை அழைப்பார். என் குறிப்பேட்டின் மேல் அவருக்குப் பெரிய மரியாதை. நான் கையில் அதோடு போனால், பக்கத்தில் இருப்பவர்களிடம், “இவரு நோட்டுல இருந்துச்சின்னா அது நடந்துச்சின்னு அர்த்தம்” என்று சொல்லுவார்.

அந்தக் குறிப்பேடு வந்த கதையையும் சொல்ல வேண்டும். என் தங்கையின் வீட்டுக்காரர் நல்ல டிரைவர். ஊர்ஊராக யாருடைய லாரியையோ ஓட்டிக்கொண்டிருந்தவருக்குச் சொந்த வண்டி என்று ஒன்று இருக்கட்டும் என்று நானும் அவரும் சேர்ந்து ஒரு பழைய லாரியை வாங்கினோம். அவர் ஓட்டுவது, நான் கணக்குப் பார்ப்பது என்று பேச்சு. எனக்குக் கணக்கைவிட நேரத்தில்தான் கண். வண்டி எத்தனை மணிக்குப் புறப்பட்டது, எத்தனை மணிக்கு எண்ணெய் மில் வாசலுக்குப் போய்ச் சேர்ந்தது என்று ஒவ்வொரு நடைக்கும் எழுதினேன். மில்லில் வருகிற வரிசைப்படிதான் மூட்டை இறக்குவார்கள். பிந்திப் போனால் மறுநாள் வரை அங்கேயே கிடக்க வேண்டும். எங்கள் வண்டி எப்போதும் பிந்தியது. அது கிழவண்டி, ஒரு வேகத்துக்கு மேல் எவ்வளவு மிதித்தாலும் போகாது. அதற்கு டிரைவர் என்ன செய்வார்? அது எனக்குத் தெரியும். தெரிந்தும் எழுதினேன். எழுதியதை வாசித்தும் காட்டினேன்.

தை மாதக் கடைசி ஞாயிறு. தங்கை வீட்டில் மதியச் சாப்பாடு. மாப்பிள்ளை இலைமுன் உட்கார்ந்திருந்தார். நான் குறிப்பேட்டைத் திறந்து அந்த மாதத்து நடைகளைப் படித்தேன். செவ்வாய், இரண்டு மணி நேரம் தாமதம். வெள்ளி, மூன்றே கால் மணி நேரம்.

“இன்னா மச்சான், லாரிக்கு ஜாதகம் எழுதறீங்களா?” என்று சிரித்தார் மாப்பிள்ளை. “மாட்டு வண்டியா இருந்தா இந்நேரம் மாட்ட வித்துட்டுப் போயிருப்பேன்.”

“மாட்டு வண்டிக்கு நான் நோட்டு போடல மாப்ள. போட்டிருந்தா அதுவும் உங்கள முந்தியிருக்கும்” என்றேன்.

ரசம் ஊற்றிக்கொண்டிருந்த தங்கை சிரித்துவிட்டாள். கரண்டியோடு நின்று, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். மாப்பிள்ளையும் சிரித்தார், ஆனால் மோர் வாங்காமல் எழுந்துவிட்டார். அடுத்த நடையில் சேலத்துக்குச் சரக்கு ஏற்றிப் போனவர், நாமக்கல் வரை போய், பழைய சாமான் கடையில் ஒரு கவர்னர் ஸ்பிரிங் வாங்கி வந்தார். கட்டைவிரல் நீளம், எங்கள் வண்டியில் இருப்பதைவிடத் தடித்த கம்பி. துணியில் சுற்றி என் கையில் கொடுத்து, “இதப் போட்டா உங்க நோட்டுல லேட்டுன்ற வார்த்தையே வராது மச்சான்” என்றார்.

நாங்கள் இருவரும் அதை எடுத்துக்கொண்டு பாயிடம் போனோம். அவர் ஸ்பிரிங்கை விரல்களுக்கிடையில் வைத்து அழுத்திப் பார்த்துவிட்டு மேசையில் வைத்தார்.

“வேணாம். எடுத்துட்டுப் போங்க.”

ஏன் என்று கேட்டேன். அவர் விளக்கியதை அன்றே குறிப்பேட்டின் பின்பக்கத்தில் எழுதி வைத்தேன். ஆகையால் அவருடைய சொற்களிலேயே தர முடிகிறது. “பம்புக்குப் பின்னாடி ரெண்டு குண்டு இருக்குது ரைட்டரே. எஞ்சின் வேகமா சுத்தச் சுத்த அது வெளிய விரியப் பாக்கும். விரிஞ்சா டீசலக் கொறச்சிடும். இந்த ஸ்பிரிங்கு இன்னா பண்ணுதுன்னா, இருடா, இன்னும் கொஞ்சம் போவட்டும்னு அதப் புடிச்சி வச்சிக்குது. தடி ஸ்பிரிங்கு போட்டா ரொம்பப் புடிச்சி வைக்கும். வண்டி ஓடும். நிக்கறதுக்கு எங்கிட்ட ஸ்பிரிங்கு இல்ல.”

“நிக்கறத நான் பாத்துக்கறேன் பாய். நீங்க ஓட வையுங்க” என்றார் மாப்பிள்ளை. பாய் அவரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். மாப்பிள்ளை டீ சொல்ல வெளியே போன பிறகு என்னிடம் மட்டும் சொன்னார்: “பின் பிரேக்கு லைனிங் புதுசா போடுங்க. போட்டுட்டு வாங்க, ஸ்பிரிங்கு மாத்தித் தரேன். போடாம வராதீங்க.”

அந்த நிபந்தனையை நான் மாப்பிள்ளையிடம் நிபந்தனையாகச் சொல்லவில்லை. லைனிங்கையும் மாற்றிவிடலாம் என்று பொதுவாகச் சொன்னேன். சக்கரத்தை உரசி நிறுத்தும் அந்தப் பட்டை தேய்ந்துபோயிருந்தது அவருக்கும் தெரியும். வியாழக்கிழமை காலை பிரேக் பட்டறைக்கு விடுவதாகப் பேசிக்கொண்டோம். அன்று ஒன்பது மணிக்கே ஒரு கட்சிக்காரர் கிரயப் பத்திரத்துக்கு வருவதாக இருந்தது. வந்துவிட்டால் மாலை வரை எழுந்திருக்க முடியாது. அதனால் காலைக் காப்பியோடு உட்கார்ந்து, பத்தரை மணிக்கு நடக்கப்போவதை நடந்ததாக எழுதி மூடிவைத்துவிட்டுப் போனேன். வாழ்நாளில் அப்படிச் செய்தது அது ஒருமுறைதான். வல்லத்திலிருந்து அவசரமாக மல்லாட்டை லோடு என்று ஆள் வந்ததும், மாப்பிள்ளை வண்டியை அங்கே விட்டுவிட்டார் என்பது மாலையில்தான் எனக்குத் தெரிந்தது. வரியை அடிக்க வேண்டும் என்று நினைத்தேன். அடித்தால் பக்கம் அசிங்கமாகும். அடுத்த வாரம் எப்படியும் லைனிங் போடப்போகிறோம். தேதியை மட்டும் திருத்தினால் போதும் என்று விட்டேன்.

சனிக்கிழமை காலை லாரியைப் பாய் கடை வாசலில் கொண்டுபோய் நிறுத்தினோம். அந்த ஸ்பிரிங் கையில் இருக்கும்போது மாப்பிள்ளைக்கு இருப்புக் கொள்ளவில்லை. பம்பைக் கழற்றி, அந்த ஸ்பிரிங்கோடு மேசைமேல் வைத்துவிட்டு வெளியே போய் நின்றார். பாய் என்னிடம், “லைனிங் போட்டாச்சா?” என்றார்.

“ஆச்சு பாய்.”

“என்னிக்கு?”

அவர் சந்தேகப்பட்டுக் கேட்டாரா, அல்லது என்னிடம் தேதி கேட்பது அவருக்குப் பழக்கமான விளையாட்டாக இருந்ததா, இன்றுவரை எனக்குத் தெரியாது. நான் குறிப்பேட்டைத் திறந்தேன். அந்த வரி இருந்தது. படித்தேன். மாசி பதினொன்று, வியாழன், பத்தரை மணி. என் குரல் எப்போதும் போல்தான் இருந்தது. அவர் தலையசைத்து வெள்ளைத் துணியை உதறி விரித்தார். “நோட்டுல இருந்தா சரி” என்றார்.

நான் அலுவலகம் போய்விட்டேன். மாப்பிள்ளை வீட்டுக்குப் போனார். லாரி அன்று முழுவதும், மறுநாள் மதியம் வரையிலும், அவர் கடை வாசலில் நின்றது. ஞாயிறு மதியம் பம்பை மாட்டி, ஈயச் சீல் வைத்து, வண்டியைக் கொடுத்தார். கதவில் சாக்பீஸ் எழுத்தைத் துடைத்தார். பம்பு, நாசில் எல்லாவற்றையும் சுத்தம் செய்திருப்பதாகச் சொன்னார். ஸ்பிரிங்கைப் பற்றி நாங்கள் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. கழற்றிய ஸ்பிரிங்கை நாங்கள் திருப்பிக் கேட்கவும் இல்லை.

திங்கட்கிழமை முதல் நடையில் வண்டி முப்பத்தைந்து நிமிடம் முன்னதாகப் போய்ச் சேர்ந்தது. குறிப்பேட்டில் இருக்கிறது. மாப்பிள்ளை மில்லிலிருந்து போன் செய்து, “மச்சான், பறக்குது! கருடன் மாதிரி பறக்குது!” என்றார். அன்று ஏற்றியது வழக்கத்தைவிடக் குறைந்த மூட்டை என்பதும் அதே பக்கத்தில் இருக்கிறது. பம்பைச் சுத்தம் செய்தாலே பழைய வண்டி கொஞ்சம் நன்றாக இழுக்கும் என்பதைப் பிற்பாடு வேறு மெக்கானிக்குகளிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

புதன்கிழமை காலை பதினோரு மணி சுமாருக்கு, வல்லத்தைத் தாண்டி ஏரிக்கரை வளைவில், சாலையில் பாதியை அடைத்து உளுந்துச் செடி பரப்பியிருந்தார்கள். வண்டிகள் ஏறிப் போனால் காய் உதிரும். எங்கள் பக்கத்தில் அந்த மாதத்தில் எல்லாச் சாலையிலும் இப்படித்தான். துடைப்பத்தோடு ஒரு பெண் குனிந்து கூட்டிக்கொண்டிருந்தாள். மாப்பிள்ளை பிரேக்கை மிதித்தார். வண்டி நிற்கவில்லை. பெண்மேல் போகாமல் திருப்பினார். புளியமரம் குறுக்கே வந்தது. அவள் உயிர் பிழைத்தாள். மாப்பிள்ளையின் வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். வண்டியைப் பார்க்க வந்த பிரேக் இன்ஸ்பெக்டர், மோதலில் பிரேக் குழாய் அறுந்து போனதால் பிரேக்கைச் சோதிக்க இயலவில்லை என்று எழுதிக் கொடுத்தார். அது உண்மைதான். குழாய் அறுந்திருந்தது.

விழுப்புரத்து ஆஸ்பத்திரிக்கு மறுநாளே பாய் வந்தார். வெள்ளைச் சட்டை, கையில் ஒரு பை ஆரஞ்சு. வராந்தாவில் தங்கை அவரைப் பார்த்ததும் எழுந்தாள்.

“வேகமா போவ வையின்னு கேட்டா வச்சிடுவியா பாய்? ஒனக்கு அறிவு வாணாம்? நாலும் தெரிஞ்ச மனுசன்தான நீ? எங்க ஊட்டு ஆம்பளயோட கால எடுத்துட்டியே!”

வராந்தாவில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.  பாய் என் பக்கம் திரும்பினார். கோபம் எதுவும் இல்லை. ஒரு வாக்கியத்தை அடுத்தவர் தொடங்கட்டும் என்று காத்திருப்பவரைப் போல நின்றார். நான் சுவரில் ஒட்டியிருந்த ஊசி அட்டவணையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எத்தனை நேரம் அப்படி நின்றோம் என்று எனக்குத் தெரியாது. எல்லாவற்றுக்கும் மணி பார்க்கிறவன் அன்று பார்க்கவில்லை. கடைசியில் அவர் பையை பெஞ்சில் வைத்துவிட்டு, “வரேம்மா” என்று தங்கையிடம் சொல்லிக்கொண்டு போனார்.

ஊர் அந்தப் பேச்சைப் பிடித்துக்கொண்டது. ‘கால் எடுத்த பாய்’ என்று டீக்கடையில் சொல்லிச் சிரித்தார்கள். லாரிக்காரர்கள் பம்பைத் திண்டிவனத்துக்குக் கொண்டுபோக ஆரம்பித்தார்கள். இரண்டு ஆண்டுகளில் கடையை மூடிக்கொண்டு, வந்தவாசியில் மகளைக் கட்டிக்கொடுத்திருந்த இடத்துக்கே போய்விட்டார். அங்கே வேறு ஒருவர் பட்டறையில் வேலை பார்த்தார் என்று கேள்விப்பட்டேன். அவரை அதற்குப் பிறகு ஒரே ஒருமுறை செஞ்சி பஸ் நிலையத்தில் பார்த்தேன். ஒதுங்கிப் போக இடம் இல்லை. அவர்தான் முதலில் பேசினார்.

“ரைட்டரே, எழுதறீங்களா இன்னும்?”

“எழுதறேன் பாய்.”

“எழுதுங்க” என்று சொல்லி, என் தோளைத் தொட்டுவிட்டு வந்தவாசி பஸ்ஸில் ஏறினார். அவர் இறந்த செய்தி நாலைந்து மாதம் கழித்துத்தான் எனக்கு வந்தது.

மாப்பிள்ளை கோட்டைக்குப் போகும் வழியில் கூல்டிரிங்ஸ் கடை வைத்திருக்கிறார். ராஜகிரி ஏறி இறங்கி வியர்த்து வருகிறவர்களிடம், “நான் தினம் ஏறுவேங்க, இப்பதான் ஒரு கால மேலயே வச்சிட்டு வந்துட்டேன்” என்று கட்டைக்காலைத் தட்டிக்காட்டிச் சிரிக்க வைப்பார். யாராவது எப்படி ஆயிற்று என்று கேட்டால், பாயின் ஸ்பிரிங் கதையைச் சொல்வார். நான் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து அந்தக் கதையை எத்தனை முறை கேட்டிருப்பேன் என்பதற்குக் குறிப்பு இல்லை. ஒவ்வொரு முறையும் கதையில் வண்டியின் வேகம் கொஞ்சம் கூடியது.

இந்த ஆண்டு ஆனி மாதத்தில் ஒரு போன் வந்தது. மோதிய லாரியை எங்களிடமிருந்து வாங்கிப் பழுது பார்த்த தளவானூர்க்காரர் பேசினார். வண்டியைச் சில ஆண்டுகள் ஓட்டிவிட்டு, எஞ்சினைக் கழற்றி மாட்டுக்கொட்டகையில் போட்டிருந்தாராம். இப்போது இரும்புக்காரருக்குக் கொடுக்கப் போகிறார்; எனக்குப் பழைய சாமான்களில் ஆசை என்று யாரோ சொன்னதால் கேட்கிறார். பம்பு மட்டும் வேண்டும் என்றேன். மறுநாளே போய்ச் சாக்கில் சுற்றி எடுத்துக்கொண்டு, திண்டிவனத்தில் ஒரு பம்புக் கடையில் கொண்டுபோய் வைத்தேன். பாய் வைத்த ஈயச் சீல் இல்லை. அதைக் கோத்திருந்த கம்பியும் இல்லை. மெக்கானிக் மூடியைத் திறந்து, துருவைத் துடைத்து, குறட்டால் ஸ்பிரிங்கை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார்.

“கம்பெனி ஸ்பிரிங்கு சார் இது. பம்போட வந்தது.”

“தடிசா ஒண்ணு போட்டிருந்தது” என்றேன்.

“யாரு சொன்னது? இதான் இருக்குது.”

மெல்லிய கம்பி. கையில் கனமே இல்லை. கடை வாசலில் கிடந்த டயர்மேல் உட்கார்ந்துவிட்டேன். பாய் அதை மாற்றவே இல்லையோ? என் வரியை நம்பாமல், அல்லது நம்பிவிட்டுப் பிறகு வண்டியைப் பார்த்து, பழைய ஸ்பிரிங்கையே திரும்பப் போட்டு மூடினாரோ? அப்படியானால் ஆஸ்பத்திரி வராந்தாவில், ‘நான் ஸ்பிரிங்கே மாத்தலம்மா’ என்ற ஒரு வாக்கியத்தில் அவர் தப்பித்திருக்கலாம். அதைச் சொன்னால் ஏன் மாற்றவில்லை என்று தங்கை கேட்டிருப்பாள். அதற்குப் பதில் சொன்னால் என் பொய் வெளிவந்திருக்கும். தளவானூர்க்காரருக்கு உடனே போன் செய்தேன். பம்பை நடுவில் யாராவது திறந்தார்களா? “தொறந்தாங்கன்னு நெனைக்கறேன். தொறக்கலன்னும் சொல்ல முடியாது. எவ்ளோ வருசம் ஆச்சு சார்” என்றார். அவருடைய மெக்கானிக் யார் என்று அவருக்கே நினைவில்லை. தடித்த ஸ்பிரிங் பிடிக்காமல் அந்த மெக்கானிக் பழையபடி ஒன்றை மாற்றியிருக்கவும் கூடும்.

அன்று மாலையே மாப்பிள்ளை கடைக்குப் போனேன். தங்கையும் இருந்தாள். ஸ்பிரிங்கை ஐஸ்பெட்டிமேல் வைத்து, எல்லாவற்றையும் சொன்னேன். பாய் போட்ட நிபந்தனை, நான் முன்கூட்டி எழுதியது, அதை அவருக்குப் படித்துக் காட்டியது. மாப்பிள்ளை முதலில் ஸ்பிரிங்கைத்தான் எடுத்துப் பார்த்தார்.

“இது இல்ல மச்சான். வண்டி பறந்துச்சு. ஆக்சிலேட்டர்ல எனக்குத் தெரியாதா? இந்தக் காலுல தெரிஞ்சிச்சி” என்று தொடையைத் தட்டினார். தட்டியது கட்டைக்கால் பக்கம். கையை அங்கேயே வைத்திருந்தார். பிறகு மெதுவாக, “லைனிங் போடலன்னு எனக்குந்தான் தெரியும். லோடு எடுத்தது நான்தான?” என்றார்.

தங்கை என்னைத் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். அதற்காகத்தான் இத்தனை ஆண்டு பயந்திருந்தேன்.  ஒரு வாடிக்கையாளர் வந்து சோடா கேட்டார், உடைத்துக் கொடுத்தாள். பிறகு, “அந்த மனுசன் ஆரஞ்சு வாங்கியாந்தாரு. அதக்கூட நான் தொடல” என்றாள். “அவருக்கு யாருண்ணா இருக்காங்க?”

மறுவாரம் நானும் அவளும் வந்தவாசிக்குப் போனோம். பாயின் மகளுக்கு இப்போது ஐம்பதை ஒட்டிய வயது. வீட்டில் தையல் மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. எங்களைப் பார்த்து நிறுத்தினார். தங்கைதான் முதலில் பேசினாள். வராந்தாவில் திட்டியதைச் சொல்லி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். நான் குறிப்பேட்டைத் திறந்து அந்த வரியைக் காட்டினேன். அவர் படித்தார். எங்களுக்கு டீ வைத்தார். அத்தா (அப்பா) அந்த விபத்தைப் பற்றி வீட்டில் ஒரு வார்த்தையும் பேசியதில்லை என்றார். ஸ்பிரிங்கைப் பற்றிக் கேட்டேன். தெரியாது என்றார். எழுந்து வரும்போது, ஏதோ நினைவு வந்தவராக, எங்களுக்காக அல்லாமல் தனக்குத் தானே சொல்வதைப் போலச் சொன்னார்:

“அத்தா சட்டையில எப்பவும் முதுகுப் பக்கம்தான் கறை. அம்மா திட்டிக்கினே துவைக்கும். பம்பு வேலைக்கு ஏன் முதுகுல மண்ணுன்னு. பம்பத் தொடறதுக்கு முன்னாடி லாரிக்கு அடியில மல்லாந்து படுத்து, டார்ச்சு அடிச்சி, சக்கரத்துக்குப் பின்னாடி ஓட்ட வழியா லைனிங் இருக்குதான்னு பாப்பாராம். வண்டிக்காரங்க சொல்றத நம்ப மாட்டாராம்.”

“எப்பலேர்ந்து?” என்றேன்.  இன்னொரு முறை கேட்டேன்.

அவர் யோசித்தார். செஞ்சியில் கடை இருந்தபோது அம்மா துவைத்ததா, வந்தவாசிக்கு வந்த பிறகு துவைத்ததா? துவைக்கும் கல் நினைவிருக்கிறது. எந்த வீட்டுக் கல் என்று நினைவில்லை. செஞ்சி வீட்டிலும் கல் இருந்தது, இங்கேயும் இருந்தது. அம்மா இருந்தால் சொல்லியிருப்பார், அம்மாவும் போய்விட்டார். “செஞ்சியிலதான்னு தோணுது” என்றார். சற்றுக் கழித்து, “இங்க வந்த அப்புறமாத்தான் இருக்கும்” என்றார். சொல்லிவிட்டு மறுபடி தலையை ஆட்டினார்.

எங்கள் வண்டி அவர் கடை வாசலில் ஒரு பகலும் ஓர் இரவும் மறுநாள் மதியம் வரையிலும் நின்றது. அந்தப் பழக்கம் அதற்கு முன்பே இருந்திருந்தால், அவர் படுத்துப் பார்த்திருப்பார். என் பொய்யைத் தெரிந்துகொண்டு, பழைய ஸ்பிரிங்கையே போட்டு மூடி, பழியை ஏற்றுக்கொண்டு போயிருப்பார். அந்தப் பழக்கம் அதற்குப் பின்னால் வந்தது என்றால், அன்று அவர் என்னை நம்பியிருப்பார்; பிறகு அவருடைய முதுகில் மண் படிந்ததற்குக் காரணம் நான் படித்துக்காட்டிய வரி. வந்தவாசியில் அவர் வேலை பார்த்த பட்டறையை விசாரித்தேன், மூடியாகிவிட்டது. அவரிடம் வண்டி விட்ட செஞ்சி லாரிக்காரர்கள் நாலு பேரைக் கேட்டேன். இருவர் பார்த்ததாகச் சொன்னார்கள், இருவர் பார்த்ததில்லை என்றார்கள். பார்த்தவர்களில் எவருக்கும் ஆண்டு தெரியவில்லை. பம்பு பாய் லாரிக்கு அடியில் படுத்து லைனிங் பார்க்கத் தொடங்கியது எப்போது என்பது, இதை எழுதும் நாள்வரை உறுதிசெய்யப்படவில்லை.